கட்டிலிலிருந்து பன்னிரண்டு அடி

ஜனவரி 11

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம், என் தையல் மிஷினும் சுகம். நீயும், உன் ஆஸ்பத்திரி வார்டில் நீ நடக்கப் பழக்கும் பெரியவர்களும் எப்படி இருக்கிறீர்கள்? வழக்கமாக அம்மா சுகம் என்று இந்த வரியிலேயே எழுதிவிடுவேன். இந்தத் தடவை அதைக் கீழே எழுத வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அம்மா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்துவிட்டாள். பதறாதே. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு ஒண்ணும் உடையல. அடிபட்ட வலிதான். வீட்டுக்குப் போய் நடக்கச் சொல்லுங்க" என்றார். அவர் வாயால் சொல்லிவிட்டார். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள், 'ஐயோ' என்கிறாள், அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். எண்பத்தொரு வயதுக்கு இது ஒன்றும் அதிசயம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போன் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் லைன் கொடுத்தவள் அல்லவா, "வீட்டு விஷயத்தைப் போன்ல பேசாத, எவளாவது ஒருத்தி கேட்டுக்கிட்டேதான் இருப்பா" என்கிறாள். அந்தக் காலத்தில் அந்த ஒருத்தி யார் என்று நமக்குத் தெரியாதா என்ன.

இப்போது பெட்பேன்தான். எனக்குக் கல்யாணம் ஆகாததில் அம்மாவுக்கு ஒரு லாபம், முழுநேர ஆள் கிடைத்துவிட்டது. நான் வைக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நேற்று அப்படித் திரும்பியபடியே சொன்னாள்: "கட்டில்லேருந்து பாத்ரூம் கதவுக்குப் பன்னெண்டு அடி. கணக்குப் போட்டு வச்சிருக்கேன். அங்க என் கால்ல போயிட்டு வரணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. உன் தங்கச்சிக்கு எழுது. ஊர்ல இருக்கிற கிழவியை எல்லாம் நடக்க வைக்கிறா, என்னை நடக்க வைக்க மாட்டாளா?"

எழுதிவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுது. நான் தையல்காரன், அளவு சொன்னால்தான் வேலை ஓடும்.

அண்ணன்

*

ஜனவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், ஆட்களைத் தாங்கித் தாங்கி முதுகு மட்டும் அடிக்கடி முறைத்துக்கொள்கிறது. அம்மா விழுந்தாள் என்று படித்ததும் அடுத்த வரிகளைத் தாவித் தாவிப் படித்தேன். எலும்பு உடையவில்லை என்ற வரி வந்த பிறகுதான் மூச்சே வந்தது.

என் வார்டில் இருபத்திரண்டு கட்டில். பாதிப் பேர் அம்மாவைப் போல விழுந்து வந்தவர்கள். இவர்களைக் கெடுப்பது வலி இல்லை அண்ணா, படுக்கை. ஒரு வாரம் படுத்தால் தொடைச் சதை கரைய ஆரம்பிக்கும், இரண்டாவது வாரம் பயம் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் வலிக்கிறது என்று சொல்வதில் முக்கால்வாசி பயம்தான். பார்க்க வருகிற பிள்ளைகள் பாசத்தில் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்துவார்கள். நாம் தூக்கினால் கால் தன் வேலையை மறந்துவிடும். அதனால் எங்கள் சுவரில் 'கை கொடுக்காதீர்கள்' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. எழுதியது நான்தான்.

ஆடாத நாற்காலி ஒன்றில் உட்கார வை, கட்டிலைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். பாதம் முழுக்கத் தரையில் பட வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனியச் சொல், அப்புறம் எழட்டும். எதிரே வாக்கர் இருக்கட்டும். காலையில் ஐந்து தடவை, மாலையில் ஐந்து தடவை. தடித்த துணியில் கைப்பிடி வைத்து ஒரு இடுப்புப் பட்டை தைத்துக் கட்டிவிடு. தடுமாறினால் பட்டையைப் பிடி. அவள் கையை மட்டும் பிடிக்காதே.

ஒன்பதாம் கட்டிலில் ஒருவர் இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்தவர், ஆனால் எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்வதால் நாங்கள் வைத்த பெயர் நீதிபதி. என்னைக் கண்டாலே "இந்தப் பொண்ணுக்கு ஆயுள் தண்டனை" என்பார். போன மாதம் புரண்டு படுக்க முடியாதவர், இன்று ஜன்னல் வரை நடந்தார். அம்மா நடக்க மாட்டாளா?

உடனே வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கிறவள் பிரசவ விடுப்பில் போய்விட்டாள், தலைக்கு மேல் வேலை. ஒன்றரை நாள் ரயில் வேறு. ஏப்ரலில் கட்டாயம் வருகிறேன்.

அம்மா, இதை நீ படிப்பாய் என்று தெரியும். அண்ணனைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டு சொன்ன எண்ணிக்கையை முடி.

தங்கை

*

பிப்ரவரி 3

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

இங்கே இருவரும் உன் உத்தரவுப்படி நடக்கிறோம், அதாவது நான் நடக்கிறேன், அம்மா எழுந்து உட்காருகிறாள். உன் முதுகுக்கு நீயே ஏதாவது செய்துகொள்ளக் கூடாதா?

பட்டை தைத்துவிட்டேன். கால்சட்டைத் துணியில், இரட்டைத் தையல் போட்டு, நாலு கைப்பிடி வைத்து. கட்டியதும் அம்மா, "என்னை என்ன பெட்டின்னு நினைச்சியா, தூக்கிக்கிட்டு ரயிலேறப் போறியா?" என்றாள். நாற்காலிக் காலுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தினேன். நீ சொன்ன பத்தையும் செய்கிறாள். ஒரு தடவைகூடக் குறைக்கவில்லை. எழும்போது துண்டைப் பல்லில் கடித்துக்கொள்கிறாள். "வலிக்குதாம்மா?" என்றால், "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும், அவளுக்குத் தெரியாததா?" என்கிறாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வலி அடிபட்ட பக்கவாட்டில் இல்லையாம், தொடை இடுக்கில் என்கிறாள். படுக்கும்போது வலது கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்தே கிடக்கிறது. நிமிர்த்தி வைத்தால் மறுபடி சாய்ந்துவிடுகிறது. இன்னொரு தடவை டாக்டரிடம் காட்டட்டுமா? போகவர இரண்டு மணி நேரம், வண்டி பிடித்தால் முடியும். நீ சொல், செய்கிறேன்.

நீதிபதி என்ன தீர்ப்புச் சொன்னார்?

அண்ணன்

*

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ பட்டை தைத்த அழகை நினைத்து வார்டில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். எங்களுக்கு வருகிற பட்டையில் கைப்பிடி இரண்டுதான்.

கால் சாய்கிறது என்றால் தொடைக்கு வெளிப்பக்கம் ஒரு துண்டைச் சுருட்டி முட்டுக்கொடு. இத்தனை நாள் படுத்ததில் சதை தளர்ந்திருக்கும். இடுக்கில் வலிப்பதும் அதுதான், சும்மா கிடந்த சதை வேலை செய்கிறது. டாக்டரிடம் இப்போது வேண்டாம். எக்ஸ்ரேதான் பார்த்தாயிற்றே. வண்டியில் ஏற்றி இறக்கிக் குலுக்கினால் ஒரு வார முன்னேற்றம் போய்விடும். இனி ஒரு நாளைக்கு மூன்று வேளை செய்யட்டும். அடுத்த வாரம் வாக்கரோடு அடி எடுத்து வைக்கட்டும்.

நான் கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. உன்னை எனக்குத் தெரியும். அம்மா முகம் சுளித்தால் போதும், நீ உருகிவிடுவாய். அவள் கை நீட்டினால் உன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள். இது கொடுமை இல்லை, இதுதான் வைத்தியம். தினமும் இருபத்திரண்டு பேரிடம் இதைத்தான் செய்கிறேன். முதலில் திட்டுவார்கள், பிறகு நடப்பார்கள்.

நீதிபதி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது "விடுதலை" என்று எனக்கே தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார்.

தங்கை

*

மார்ச் 2

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. சுகம்தான். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

அம்மா நாலு அடி நடந்தாள். கட்டிலிலிருந்து அலமாரி வரை. திரும்பி வர முடியவில்லை, நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை எழும்போது என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். நீ எழுதியபடி நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நீட்டியபடியே வைத்திருந்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, "சரி" என்றாள். அதற்குப் பிறகு நீட்டவில்லை. என்னைப் பார்ப்பதும் இல்லை. அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்ச் குரலில் ஒன்று, இரண்டு என்று தானே எண்ணிக்கொண்டு எழுகிறாள். முன்பு திட்டுவாள், இப்போது அதுவும் கிடையாது. வீடு அமைதியாக இருக்கிறது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

அம்மா பக்கத்தில் இருந்து சொல்கிறாள்: "வலி இல்லைன்னு எழுது." எழுதிவிட்டேன்.

அண்ணன்

*

மார்ச் 10

அன்புள்ள அண்ணாவுக்கு, அம்மாவுக்கு,

நாலு அடி! கடிதத்தைப் பிரித்த இடத்திலேயே கத்திவிட்டேன். ஆறாம் கட்டில் பாட்டி பயந்துபோய், "என்னம்மா, லாட்டரியா?" என்றார். அம்மா என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். இந்த வார்டில் நாலு அடி என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

வலி இல்லை என்பதுதான் பெரிய விஷயம். வலி போய்விட்டால் மீதி தானாக வரும். அம்மா பேசாமல் இருக்கிறாளே என்று கவலைப்படாதே, அது கவனம். நடக்கப் பழகுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான்.

தினம் ஒரு அடி கூட்டு. பன்னிரண்டுக்கு இன்னும் எட்டுதான். ஏப்ரல் மூன்றாவது வாரத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் வருவதற்குள் அம்மா அந்தக் கதவைத் தொட்டுவிடுவாள் பார்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும்.

தங்கை

*

மார்ச் 31

அன்புள்ள தங்கச்சிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

போன வியாழக்கிழமை காலையில் அம்மா ஒன்பதாவது அடி வைத்தாள். ஒரு சத்தம் கேட்டது, என் காதுக்கே கேட்டது. அம்மா கத்தவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ ஆயிருச்சுடா" என்றாள். பட்டையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினேன். வாசலைப் பார்த்துக் கூப்பாடு போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் வண்டி பிடித்தார்.

இந்தத் தடவை வேறு டாக்டர், வயதில் சின்னவர். புதிய எக்ஸ்ரேயையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "இடுப்பு எலும்பு இப்ப உடைஞ்சது இல்லைங்க. விழுந்த அன்னைக்கே விரிசல் விட்டிருக்கு. சில சமயம் முதல் படத்துல தெரியாது. மூணு மாசமா அதுமேல எழுந்து நடந்து, முழுசா விலகிப்போச்சு. அப்பவே மறுபடி வந்திருந்தா ரெண்டு ஸ்குரூவுல முடிஞ்சிருக்கும். இனி பெரிய ஆபரேஷன், இவங்க இதயம் அதைத் தாங்காது" என்றார். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். இனி எழ வைக்கக் கூடாது.

"இவ்வளவு நாள் இதுமேல நடக்க வச்சது யாரு?" என்று டாக்டர் கேட்டார். நான்தான் என்றேன். பொய் இல்லையே.

நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. படித்த டாக்டர் கண்ணுக்கே தெரியவில்லை.

அண்ணன்

*

ஏப்ரல் 7

அண்ணா,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். தொடை இடுக்கில் வலி, கால் வெளியே சாய்கிறது என்று நீ எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒரே பத்தியில் இருக்கிறது. என் வார்டுக்கு ஒருவர் அப்படி வந்தால் அவரை நான் எழுப்பவே மாட்டேன். எக்ஸ்ரே என்ன சொன்னாலும் சரி, முதலில் இடுப்பில் கை வைத்துப் பார்ப்பேன், குதிகாலை உள்ளங்கையால் மெல்லத் தட்டிப் பார்ப்பேன். விரிசல் இருந்தால் வலி இடுக்கில் சுண்டி இழுக்கும். மறுபடி படம் எடுக்க அனுப்பிவிடுவேன். ஒரு நிமிஷ வேலை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பதே இதுதான்: கை வைத்துப் பார்க்காமல் யாரையும் எழுப்பாதே.

அம்மாவை நான் கை வைத்துப் பார்க்காமல் எழுப்பினேன். ஒன்றரை நாள் ரயில் தூரத்திலிருந்து, காகிதத்தில். நீ டாக்டரிடம் காட்டட்டுமா என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். டாக்டர் பார்க்காதது வேறு, நான் பார்க்காதது வேறு. அம்மா என்பதால் அவசரப்பட்டேனா, அம்மாதானே என்று அசட்டையாக இருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் துண்டைக் கடித்ததைப் படித்துவிட்டு மூன்று வேளை ஆக்கினேன்.

இதை அம்மாவிடம் சொல்லாதே. இல்லை, சொல்லிவிடு. எது சரி என்று எனக்குப் புரியவில்லை. இருபதாம் தேதி வருகிறேன்.

*

ஏப்ரல் 13

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை மிஷின் இழுப்பறையில் ஒளித்து வைத்தேன். அம்மாவா விடுவாள்? "தபால்காரர் வந்த சத்தம் கேட்டுச்சு. கொண்டா" என்றாள். கொடுத்துவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். படித்து முடித்து மடித்து என்னிடமே கொடுத்தாள்.

உன்மேல் கோபமா என்று கேட்டேன். தலையணையைச் சரியாக வைக்கச் சொன்னாள். வைத்ததும், "அவ வர வேண்டாம்னு எழுது" என்றாள். ஏன் என்றேன். "வந்தா என் காலைத்தான் பார்ப்பா. என்னைப் பார்க்க மாட்டா."

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் அவளே போனை எடுத்து உனக்குச் சொல்லிவிடுவாள் என்று தோன்றியது. ஆனால் நீ வா. அவள் வேண்டாம் என்று சொல்வதையெல்லாம் கேட்டால் இந்த வீட்டில் எதுவுமே நடக்காது. இப்போதெல்லாம் பாதி நேரம் மருந்து மயக்கத்தில் தூங்குகிறாள். சாப்பாடு இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. பெட்பேன் வைக்கும்போது முன்பு போலச் சுவர்ப்பக்கம் திரும்புவதும் இல்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

அண்ணன்

*

மே 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்து, அதற்குள் அம்மா போன செய்தியும் கேட்டு, எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. போனில் நீ புறப்படுகிறேன் என்றபோது தடுத்தது நான்தான். நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். முடிந்தும்விட்டது. தூக்கத்திலேயே போனாள், அது ஒன்றுதான் ஆறுதல்.

கட்டிலைப் பிரித்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். அறை பெரிதாகத் தெரிகிறது. தைக்கத் துணி நிறைய வந்து கிடக்கிறது, மிஷினில் உட்கார்ந்தால் கால் ஓட மாட்டேன் என்கிறது. அம்மாவின் சத்தம் இல்லாமல் எனக்குத் தைக்கத் தெரியவில்லை போலிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல்ல விருப்பம் இல்லாவிட்டால் விட்டுவிடு. நீ வந்த அன்று நான் டீத்தூள் வாங்கிவிட்டு வரும்போது, நீ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாய். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஐந்து நாளும் இரண்டு பேரும் மருந்து, தண்ணீர், போர்வை என்று மட்டும்தான் பேசிக்கொண்டீர்கள். என்ன நடந்தது? அம்மாவிடம் கேட்டேன். "ஒண்ணும் இல்லடா, லைன் கிடைக்கல" என்றாள்.

அண்ணன்

*

மே 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ கேட்டதைச் சொல்கிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

ரயிலில் ஒன்றரை நாளும் எனக்கு ஒரே ஒரு தீர்மானம்தான். அறைக்குள் போனதும் முகத்தைப் பார்க்க வேண்டும். காலைத்தான் பார்ப்பேன் என்று அவள் சொன்னது பொய்யாக வேண்டும். அதை மட்டும் செய்துவிட்டால் மற்றதையெல்லாம் அழுதோ காலைப் பிடித்தோ சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நீ என் பையை வைத்துவிட்டுக் கடைக்குப் போனாய். நான் அறைக்குள் போனேன். பதினாறு வருஷப் பழக்கம் அண்ணா. எந்த அறைக்குள் போனாலும் என் கண் முதலில் போர்வையின் கீழ்முனைக்குத்தான் போகும். போய்விட்டது. வலது பாதம் முழுதாக வெளியே சரிந்து, அந்தக் கால் இடது காலைவிட இரண்டு விரல் குட்டையாகக் கிடந்தது. வாசலிலிருந்து பார்த்தாலே போதும், யாருக்கும் புரியும். ஜனவரியில் வாசலில் வந்து நின்றிருந்தாலே போதும், கை வைத்துக்கூடப் பார்த்திருக்க வேண்டாம், கால் சாய்ந்து கிடந்ததைப் பார்த்ததுமே எழுப்பாதே என்றிருப்பேன். அதை நினைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அங்கேயே பார்த்தபடி நின்றேனோ தெரியாது.

அம்மா முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "பார்த்தாச்சா?" என்றாள். "இப்ப மூஞ்சியப் பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும் பேசுகிற மாதிரிதான் சொன்னாள். எனக்காகக் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

என்னால் முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ வரும்போது பார்த்தது அதைத்தான்.

ஐந்து நாளும் மருந்து கொடுத்தேன், உடம்பு துடைத்தேன், தலை வாரினேன். கழுத்து வரைக்கும் பார்த்தேன், அதற்கு மேலே கண்ணைக் கொண்டுபோகவில்லை. தலை வாரும்போதுகூடப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. புறப்படும் அன்று, "போயிட்டு வரேம்மா" என்று கதவிடம்தான் சொன்னேன். "சரி" என்றாள்.

இப்போது அவள் முகத்தை நினைத்துப் பார்க்க முயற்சி செய்கிறேன். வேலைக்கு நடுவில், சாப்பிடும்போது, பஸ்ஸில். வலது காலை நகத்திலிருந்து இடுப்பு வரை கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன். முகம் வரவில்லை அண்ணா. நெற்றி எவ்வளவு அகலம், மூக்கு எப்படி, ஒன்றும் வரவில்லை.

அம்மா நேராகப் பார்க்கிற மாதிரி ஒரு போட்டோ இருந்தால் அனுப்பு. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கச்சி